கைப்பழக்கமும் காரண அறிவும்: திற்பரப்பு வட்டாரத்தின் அன்றாட வேதியியல்

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் பாடநூலில் ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ என்று ஓர் அலகு உண்டு. மருந்துகள், உணவில் சேர்க்கும் பொருள்கள், சோப்பு, பல்படிகள் என்று அது வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அதைப் படிக்கும் திற்பரப்பு மாணவியின் அப்பா விடியுமுன்னே ரப்பர்ப் பால்வெட்டுக்குப் போயிருப்பார். புறவாசல் கொடியில் ரப்பர் ஷீட் தொங்கும். அடுப்பில் மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி) வெந்துகொண்டிருக்கும். பாடத்தில் இருப்பதில் பெரும்பகுதி அவள் வீட்டு முற்றத்தில் நடக்கிறது. ஆனால் அந்த முற்றமும் அந்தப் பாடமும் ஒன்றையொன்று அறிவதில்லை.

கோதையாறு ஒரே பாறையாக நீண்டு கிடக்கும் படுகையில் ஓடிவந்து அருவியாக விழும் குமரி மாவட்டத்து ஊர் திற்பரப்பு. சிவாலய ஓட்டத்தில் பக்தர்கள் வழிபடும் பன்னிரண்டு சிவன் கோயில்களில் மூன்றாவது இங்கே இருக்கிறது. மேலே 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணை. சுற்றிலும் குலசேகரம், கீரிப்பாறை, சிற்றாறு என ரப்பர்க் காடுகள். தெற்கே இறங்கினால் பனையும் தென்னையும், அதைத் தாண்டினால் மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயண எல்லைக்குள் இத்தனை வகை வேதியியல் தொழில்கள் அடங்கிய நிலம் தமிழகத்தில் அரிது.

இந்த வட்டாரத்தின் உழைப்பிலும் உணவிலும் நடக்கும் வேதி மாற்றங்களை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை ஒரு கேள்வியைக் கேட்கிறது: அந்த மாற்றங்களின் காரணம் யாருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிவதால் என்ன மாறுகிறது? செய்முறை இங்குள்ள மக்களின் கையில் தலைமுறைகளாக இருக்கிறது. காரணம் பெரும்பாலும் வேறு இடங்களில் இருக்கிறது. அந்த இடைவெளிக்கான விலையைப் பணமாகவும் உடல்நலமாகவும் கொடுப்பவர்கள் உழைப்பவர்களே என்பதுதான் என் வாதம்.

சிரட்டையில் சொட்டும் கூழ்மம்

ரப்பர் இந்த மண்ணுக்கு வந்தேறிய மரம். 1876-இல் ஹென்றி விக்காம் அமேசான் காடுகளிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் பரவிய மரம், 1902-இல் திருவிதாங்கூரின் பெரியாற்றங்கரையில் வணிகப் பயிரானது. அப்போது குமரியும் திருவிதாங்கூரின் பகுதிதான். 1984-இல் தமிழக அரசு தொடங்கிய அரசு ரப்பர் கழகம், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலருக்கு இந்தக் காடுகளில் வேலை கொடுத்தது.

விடியுமுன்னே வெட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் இலைகள் வெளிவிடும் நீராவி குறைவதால் பட்டைக்குள் ஓடும் பால்குழல்களில் அழுத்தம் கூடி, விடியற்காலையில் உச்சத்தில் நிற்கும். வெயில் ஏற ஏற அது இறங்கும். அந்தக் குழல்கள் மரத்தை வளர்க்கும் கேம்பியம் என்ற மெல்லிய படலத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் இருக்கின்றன. கத்தி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நிற்க வேண்டும். தொட்டுவிட்டால் பட்டை மீண்டும் சரியாக வளராது. நல்ல பால்வெட்டுத் தொழிலாளிக்கு இந்த அளவு கையிலேயே இருக்கிறது.

சிரட்டையில் சேரும் பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர், சிறிதளவு புரதமும் சர்க்கரையும் பிசினும் உப்புகளும். ரப்பர் தண்ணீரில் கரையாது. நுண்துகள்களாக மிதக்கும். ஒவ்வொரு துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த படலம் போர்த்தியிருக்கிறது. அந்தப் படலத்தில் எதிர்மின் சுமை இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. பாடநூல் ‘கூழ்மம்’ என்று சொல்லும் நிலை இதுதான்.

பாலில் ஆசிட் விட்டால் அதன் நேர்மின் அயனிகள் இந்தச் சுமையை அழித்துவிடுகின்றன. விலக்கும் விசை போனதும் துகள்கள் ஒட்டி, பால் கட்டியாகிறது. சிரட்டையைக் கழுவாமல் விட்டால் ஆசிட் ஊற்றாமலே பால் திரிவதும் இதே காரணத்தால்தான். சிரட்டையில் தங்கிய பாக்டீரியா பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகிறது. பாலாகவே விற்க வேண்டியிருந்தால் அமோனியா சேர்க்கிறார்கள். அது பாக்டீரியாவை அடக்கி, பாலைக் காரத்தன்மையில் நிறுத்தி, துகள்களின் சுமையைக் காக்கிறது.

ஷீட் அடிப்பதில் ஒவ்வொரு படிக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. பாலில் தண்ணீர் சேர்த்து ரப்பரின் பங்கை நூற்றுக்குப் பன்னிரண்டரை அளவுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். அப்படிச் செய்த 4 லிட்டர் பால் ஒரு டிஷ்ஷில் உறைந்தால் அரைக் கிலோ ஷீட் கிடைக்கும். பால் கெட்டியாகவே இருந்தால் ஆசிட் சீராகப் பரவாது, அழுக்கும் அடியில் தங்காது. ஃபார்மிக் ஆசிட்டைக் கைவிட்டு, விலை மலிவென்று சல்ஃபியூரிக் ஆசிட்டுக்குப் போனால், சரியாகக் கழுவாத ஷீட்டில் அது தங்கிப் பின்னாளில் ரப்பரின் தரத்தைக் கெடுக்கும். பாலுக்கு அலுமினிய டிஷ் பிடிப்பதிலும் காரணம் உண்டு. செம்பு மிகச் சிறிதளவு ரப்பரில் கலந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பரைத் தாக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். ஷீட் பிசுபிசுத்துப் போகும். அதனால் செம்பும் பித்தளையும் பாலுக்கு ஆகாது.

புகைப்புரையில் ஷீட் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில நாள் தொங்குகிறது. வெப்பம் ஈரத்தை எடுக்கிறது. விறகுப் புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் பூஞ்சை பிடிக்காமல் காக்கின்றன. அவசரப்பட்டு நெருப்பைக் கூட்டினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழிகள் விழும். குமிழி விழுந்த ஷீட் தரவரிசையில் இறங்கும். ஆர்.எஸ்.எஸ். (ரிப்டு ஸ்மோக்டு ஷீட்) 1 முதல் 5 வரையான அந்த வரிசையை வியாபாரி கண்ணால் பார்த்துச் சொல்கிறார். அந்தக் கண் பார்ப்பதெல்லாம் முந்தைய நாள்களில் நடந்த வேதியியலின் தடயங்களைத்தான்.

காரண அறிவு பேரத்தை மாற்றும் இடம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. பாலை விற்பவருக்கு அதில் அடங்கிய உலர் ரப்பரின் பங்கை வைத்துத்தான் காசு. அந்தப் பங்கை வாங்குபவரே அளந்து சொல்கிறார். பத்து கிராம் பாலை நிறுத்து, சில சொட்டு ஆசிட்டில் உறையவைத்து, மெல்லியதாக அழுத்தி, முழுதும் காய்ந்தபின் மீண்டும் நிறுத்தால் போதும். 3.3 கிராம் வந்தால் பாலில் 33 விழுக்காடு ரப்பர். ஒரு நல்ல தராசு இருந்தால் பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். இதைச் செய்யத் தெரிந்த விவசாயி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை.

கந்தகம் கொடுத்த உறுதி

காய்ந்த ஷீட் அப்படியே எதற்கும் பெரிதாகப் பயன்படாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். ஏன் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே விளங்கியது. ரப்பர் என்பது ஐசோப்ரீன் என்னும் சிறு மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி. இப்படிப்பட்ட பெருமூலக்கூறுகள் உண்டு என்று 1920-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் வாதிட்டபோது சக அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தனித்தனியாக வழுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும்.

திற்பரப்பிலிருந்து போகும் ஷீட் பேருந்தின் டயராகவும் காலில் போடும் செருப்பாகவும் மோட்டாரின் பெல்ட்டாகவும் திரும்பி வருகிறது. அமோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காடாகச் செறிவூட்டிய பால், மருத்துவமனைக் கையுறையாகிறது. மதிப்பு கூடுவது பெரும்பாலும் இந்தக் கடைசிப் படிகளில்தான். மூலப்பொருளோடு நின்றுவிடும் ஊருக்கு அந்த மதிப்பில் பங்கு குறைவு.

ஒரே சுண்ணாம்பு, பல வேலைகள்

சிப்பி ஓட்டைச் சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் தெளித்தால் கொதித்துப் பொடியாகும். இந்த நீற்றுச் சுண்ணாம்பு குமரியில் நுழையாத இடமில்லை.

பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுகிறார். பாளையிலிருந்து சொட்டும் இனிப்பு நீரில் சுக்ரோஸ் என்னும் சர்க்கரை சுமார் 12 விழுக்காடு இருக்கும். காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதை உடனே பிடித்துக்கொள்ளும். முதலில் சுக்ரோஸை இரண்டு எளிய சர்க்கரைகளாக உடைக்கும், பிறகு சாராயமாக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்வதில்லை. சுண்ணாம்பு இருந்தால் அக்கானி (பதநீர்), இல்லாவிட்டால் கள். இன்னொரு பயனும் உண்டு. சுக்ரோஸ் உடையாமல் இருந்தால்தான் காய்ச்சும்போது இறுகிக் கருப்பட்டியாகும். சுண்ணாம்பு குறைந்த நாளில் காய்ச்சிய பாகு இளகியே நிற்கும். கருப்பட்டிக்கு அந்த நிறத்தையும் மணத்தையும் கொடுப்பது, கொதிக்கும் பாகில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் நிகழ்த்தும் வேதி மாற்றம். வறுத்த காப்பிக்கொட்டையிலும் நடப்பது அதுவே.

ரப்பர்த் தோட்டத்தில் அதே சுண்ணாம்பு மயில்துத்தம் என்னும் செம்பு உப்போடு சேர்கிறது. 1885 வாக்கில் பிரான்சின் போர்தோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பியர் மில்லார்தே உருவாக்கிய போர்தோ கலவை இது. தென்மேற்குப் பருவமழையில் ரப்பர் இலைகளை உதிர்க்கும் பைட்டாப்தோரா நோய்க்கு எதிராகச் செம்பு மருந்துகளைத் தெளிக்கிறார்கள். மயில்துத்தம் தனியாகப் பட்டால் இலை கருகும். சுண்ணாம்பு சேர்ந்ததும் செம்பு கரையாத வடிவில் இலைமேல் ஒட்டி, மழையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டு நோயைத் தடுக்கிறது. பாலில் கலந்தால் ரப்பரைக் கெடுக்கும் செம்பு, இலையில் நின்று மரத்தைக் காக்கிறது.

வெற்றிலையில் தடவும்போது இதே பொருள் வேறு முகம் காட்டுகிறது. பாக்கிலுள்ள ஆல்கலாய்டுகளைச் சுண்ணாம்பு மாற்றி, உடல் அவற்றை உறிஞ்சும் வேகத்தைக் கூட்டுகிறது. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்குக்கே புற்றுநோயை உண்டாக்கும் தன்மை உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. இந்தச் செய்தி நம் திண்ணைகளுக்குப் போதிய அளவு வந்து சேரவில்லை.

மரச்சீனியும் மீனும்

திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது, இந்தக் கிழங்குதான் தெற்குத் திருவிதாங்கூரின் வயிற்றையும் காத்தது. ஆனால் அது தன்னைக் காத்துக்கொள்ள நஞ்சு வைத்திருக்கும் செடி. லினமாரின் என்ற பொருளும் அதை உடைக்கும் நொதியும் கிழங்கின் செல்லில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. செல் நசுங்கினால் இரண்டும் சந்திக்கும். ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். மரச்சீனி இலையை மேய்ந்த ஆடு சாவது இதனால்தான்.

வீட்டில் நாம் செய்வது மூன்று காரியம்: தோலைச் சீவுகிறோம், துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் வேகவைக்கிறோம், அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறோம். நஞ்சு தோலில் கூடுதல், ஆகவே சீவுவது முதல் காப்பு. லினமாரின் தண்ணீரில் கரையும், ஆகவே துண்டு சிறியதாகவும் தண்ணீர் மிகுதியாகவும் இருக்க வேண்டும். சயனைடு 26 டிகிரியிலேயே ஆவியாகும், ஆகவே மூடாமல் கொதிக்கவிடுவது நல்லது. கசக்கும் கிழங்கு, குறைந்த தண்ணீர், வடிக்காத சமையல் மூன்றும் சேர்ந்தால் ஆபத்து.

கிழங்கோடு மீன்கறி சேர்வதில் சுவைக்கு அப்பால் உடல்நலமும் இருக்கிறது. உடலுக்குள் போகும் சிறிதளவு சயனைடை ஒரு நொதி கந்தகத்தோடு சேர்த்துத் தீங்கு குறைந்த தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றுகிறது. அந்தக் கந்தகம் புரதத்திலிருந்து வர வேண்டும். சாளையும் நெத்திலியும் அதைத் தருகின்றன. தயோசயனேட் தைராய்டு சுரப்பிக்குப் போகும் அயோடினைத் தடுக்கும். கடல்மீன் அந்த அயோடினையும் ஈடுகட்டுகிறது. ஆப்பிரிக்காவில் பஞ்ச காலத்தில், சரியாகப் பக்குவப்படுத்தாத மரவள்ளியை மட்டும் புரதமின்றித் தின்ற மக்களிடம் கால்கள் செயலிழக்கும் ‘கோன்சோ’ நோய் கண்டறியப்பட்டது. கிழங்கு தனியாகத் தட்டில் விழும் ஏழ்மைதான் அந்த நோயின் வேர். மீன் விலை ஏறும் காலத்தில் நம் வட்டாரத்திலும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மட்டிப்பழமும் ரப்பர்ப் பட்டையும்

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம் தானே பழுப்பது எத்திலீன் வாயுவால். ரப்பர் மரப்பட்டையில் தடவும் எத்தஃபான் மருந்து வெளியிடுவதும் அதே எத்திலீன். வெட்டுவாய் அடைபடுவதை அது தாமதப்படுத்துகிறது, பால் கூடுதல் நேரம் சொட்டுகிறது. அளவு மீறினால் மரம் வறண்டு பட்டையே பால் தராமல் போகும்.

பழத்தைப் பழுக்கவைக்கச் சிலர் போடும் கார்பைடு கல் தருவது எத்திலீன் கிடையாது, அசிட்டிலீன். தரக்குறைவான கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் அதைத் தடைசெய்கின்றன. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை பயன்படுத்த அனுமதிக்கின்றன. ‘கெமிக்கல் போட்டுப் பழுக்கவைத்தது’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடக்கிவிட்டால் நல்ல வியாபாரியும் கெட்ட வியாபாரியும் ஒன்றாகிவிடுகிறார்கள். வாங்குபவர் கேட்க வேண்டியது எந்தப் பொருள், எவ்வளவு என்பதே.

கயிற்றில் ஒட்டிவந்த மணல்

காரண அறிவு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அது தோரியம் அடங்கிய பாஸ்பேட் கனிமம். அன்றைய வாயு விளக்குகளின் மேன்டில் 99 விழுக்காடு தோரியம் ஆக்சைடும் ஒரு விழுக்காடு சீரியம் ஆக்சைடும் கொண்டது. தோரியத்துக்கு ஐரோப்பாவில் பெரும் தேவை இருந்தது. சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. இன்று அங்கே இயங்குவது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம்.

தேங்காய்த் தொண்டு ஊறவைத்துக் கயிறு திரித்தவர்கள் அந்த மணலைத் தட்டிவிட்டுத்தான் வேலை செய்தார்கள். அவர்கள் காலடியில் கிடந்த பொருளின் மதிப்பை ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் ஒருவர் சோதித்து அறிந்தார். கதிரியக்கம் உள்ள அந்த மணலை அள்ளுவதால் கடற்கரைக்கும் மக்கள் உடல்நலத்துக்கும் என்ன ஆகும் என்ற கேள்வி மீனவ ஊர்களில் இன்றும் உரத்து எழுகிறது. அதற்குக் கிடைக்கும் விடையைச் சரிபார்க்கும் அறிவும் அந்த ஊர்ப் பிள்ளைகளிடமே வளர வேண்டும்.

கையில் படும் வேதியியல்

முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அண்டி என்னும் முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. தோலில் பட்டால் பொத்துப்போகும். சாம்பலும் ஆமணக்கெண்ணெயும் ஓரளவே காக்கும். அதே ஓட்டு எண்ணெயிலிருந்து வாகனங்களின் பிரேக் பட்டைகளுக்கான பிசின் செய்கிறார்கள். அதன் வேதிக்குணம் தொழிற்சாலைக்கு வரவு. உடைப்பவருக்கு அது காயம்.

ரப்பரிலும் இதே கணக்குதான். அமோனியா கண்ணையும் மூச்சையும் எரிக்கும். செறிந்த ஃபார்மிக் ஆசிட் தோலைச் சுடும். ஆசிட்டைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்ற ஒரு விதியைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். ஷீட் அடித்தபின் வடியும் தண்ணீரில் புரதமும் சர்க்கரையும் அமிலமும் இருக்கின்றன. ஓடையில் விட்டால் அவை அழுகி நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்னும், நாற்றமெடுக்கும். அந்த ஓடைகள் கோதையாற்றில் சேர்கின்றன. கோதையாறு மூவாற்றுமுகத்தில் பறளியாற்றோடு கலந்து குழித்துறை வழியாகப் பல ஊர்களுக்குக் குடிநீராகிறது. அந்தக் கழிவிலிருந்து சமையலுக்கான பயோகேஸ் எடுக்கும் முறையை ரப்பர் வாரியத்தின் ஆய்வு நிலையம் உருவாக்கியிருக்கிறது. சில வீடுகள் சேர்ந்து ஒரு கலன் அமைத்தாலே ஓடையும் தப்பும், அடுப்பும் எரியும்.

செய்ய வேண்டியவை

இந்த மதிப்பீட்டில் மூன்று உண்மைகள் திரண்டு நிற்கின்றன. ஒன்று, இங்குள்ள மக்களின் செய்முறைகளில் பல, கடுமையான வேதியியல் சோதனையிலும் தேறுபவை. சுண்ணாம்பு பூசிய கலயமும் வடித்த மரச்சீனியும் அதற்குச் சான்று. இரண்டு, மருந்தும் பொருளும் மாறும்போது பழைய பழக்கம் மட்டும் போதாது. எத்தஃபானும் அமோனியாவும் கார்பைடும் பாட்டன் காலப் பழக்கத்தில் இல்லை. அவற்றைக் கையாளும் நெறி மரபிலிருந்து வராது. மூன்று, காரணம் அறிந்தவர் பக்கமே லாபம் சாய்ந்திருக்கிறது. உலர் ரப்பர்க் கணக்கிலும் மோனசைட்டிலும் முந்திரி எண்ணெயிலும் அதைக் கண்டோம்.

ஆகவே இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் கூழ்மப் பாடம் ரப்பர்ப் பாலில் தொடங்கட்டும். உலர் ரப்பர் அளவிடும் சோதனை மேல்நிலை வகுப்பின் செய்முறையாகட்டும். காடி, எலுமிச்சைச் சாறு, ஃபார்மிக் ஆசிட் மூன்றும் பாலை எவ்வளவு நேரத்தில் உறையவைக்கின்றன என்று மாணவர்கள் அளந்து பார்க்கட்டும். அக்கானியின் கார அமிலத்தன்மையை லிட்மஸ் தாளில் பார்க்க ஒரு பைசா கூடுதல் செலவில்லை. ரப்பர் வாரியமும் வேளாண் துறையும் நடத்தும் பயிற்சிகள், தோட்ட உரிமையாளரைத் தாண்டிப் பால்வெட்டுபவரையும் அண்டி உடைப்பவரையும் எட்ட வேண்டும். ஆசிட் கேனின் மீதும் அமோனியா உருளையின் மீதும் எச்சரிக்கை, அதைத் தூக்குபவர் படிக்கும் தமிழில் இருக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கற்ற கூழ்மத்தைக் கொண்டு தன் வீட்டுப் பாலின் ரப்பர் அளவை ஒரு மாணவி கணக்கிட்டு, அந்த எண்ணோடு அப்பாவைச் சந்தைக்கு அனுப்ப முடிந்தால், வேதியியல் அந்த வீட்டில் தன் முழுப் பங்கையும் ஆற்றத் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம். அதற்குத் தேவையான பொருள் எல்லாம் திற்பரப்பில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு தராசும், சொல்லிக்கொடுக்கும் மனமுமே இனிச் சேர வேண்டியவை.